நாலு பேர் தூக்கிய கதை

சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு நான் முதன்முதலாக ஆலயத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, நாலு வாலிபர்கள் என்னை நாற்காலியோடு தூக்கி மூன்று படி ஏற்றினார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கைதட்ட ஆரம்பிக்க, சபை முழுவதும் தட்டியது. அன்றைக்குப் பிரசங்கமே மாறிவிட்டது. மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அந்தப் பகுதியை ஆயர் எடுத்துக்கொண்டு, நம் சபையிலும் நாலு பேர் இருக்கிறார்கள் என்றார். பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான் அழுதேன். ஆனால் நான் அழுத காரணம் வேறு. தூக்கும்போது ஒரு தம்பியின் கை நழுவி, என் சிறுநீர்ப் பையின் குழாய் இழுபட்டுவிட்டது. உடை எங்கே விலகியிருக்கிறது என்று குனிந்து பார்க்கக்கூட முடியவில்லை. தமிழில் ஒரு ஆளை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆராதனை முடிந்ததும் அந்த நாலு பேரையும் கூப்பிட்டு நன்றி சொன்னேன். அந்த நன்றியில் ஆரம்பித்ததுதான் அடுத்த மூன்று வருஷக் கதை.

எனக்கு 46 வயதில் தண்டுவட அழற்சி வந்தது. வெள்ளிக்கிழமை பாதம் மரத்தது, ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்க முடியவில்லை. ஏழு வாரம் மருத்துவமனை, அப்புறம் மறுவாழ்வுப் பயிற்சி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி பாதிக்குமேல் திரும்பவில்லை. அதற்கு முன்னால் 22 வருஷம் அதே சபையில் பாடகர் குழுவில் இருந்தவள் நான். மாதம் ஒரு முறையாவது பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வேதபாடம் வாசித்தவள். ஆகையால் வெளியாள் ஒருத்தி உள்ளே வர முயன்ற கதை இல்லை இது. வீட்டுக்காரியே வாசலில் நின்ற கதை. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் என் உடம்பில் ஒரு பெரிய காயம் வந்திருக்காது, மூன்று மாதச் சம்பளமும், கணக்கில்லாத ஞாயிற்றுக்கிழமைகளும் மிஞ்சியிருக்கும்.

முதலில் தூக்குவதைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். தூக்க வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொன்னால் அன்பை உதறுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று நான் ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை. வேறு வழியே இல்லாமல் தூக்கத்தான் வேண்டும் என்றால், எங்கே பிடிப்பது என்று நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். நாற்காலியின் கைப்பிடியும் கால்வைக்கிற தட்டும் பெரும்பாலும் கழற்றுகிற மாதிரி இருக்கும். அதைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும், நீங்கள் கீழே விழுவீர்கள். கழன்று வராத சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். ஒரே ஆள் எண்ண வேண்டும், மற்றவர்கள் பேசக்கூடாது. கதீட்டர் (சிறுநீர் வடிகிற குழாய்) இருந்தால் பையை முன்கூட்டியே காலி செய்து, குழாயைத் தொடையோடு ஒட்டிக்கொள்ளுங்கள். இத்தனையும் பிறகு பயிற்சியில் கற்றுக்கொண்டேன். இன்னொன்றையும் பிறகுதான் கவனித்தேன். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் அந்த மனிதன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கூரை வழியாக இறங்கச் சம்மதமா என்று அவனை யாரும் கேட்டதாகவும் எழுதியிருக்கவில்லை. அதே மாற்குவில் 10ஆம் அதிகாரத்தில் பார்வையில்லாத பர்திமேயுவை இயேசு நிறுத்திக் கேட்கிறார்: உனக்கு நான் என்ன செய்ய வேண்டும்? அவனுக்கு என்ன வேண்டும் என்று இயேசுவுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் கேட்டார். அந்தப் பகுதியை வைத்து எனக்காக யாரும் பிரசங்கம் செய்யவில்லை.

இனி வெட்கத்தோடு சொல்ல வேண்டிய பகுதி. மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்கள் வரிசை கட்டினார்கள். பாதிப் பேர் நல்ல மனசோடு வந்தவர்கள், அதை மறுக்க மாட்டேன். மீதிப் பேர் சுற்றி வளைத்து ஒரே கேள்விக்கு வந்து சேர்ந்தார்கள். அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா? ஒரு அக்கா, என் தாயார் ஏதாவது நேர்ந்துகொண்டு செய்யாமல் விட்டாரா என்றுகூடக் கேட்டார். யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் கேட்ட அதே கேள்வி: இவன் செய்த பாவமோ, பெற்றவர்கள் செய்த பாவமோ? இரண்டும் இல்லை என்று இயேசு சொன்ன பதில் அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. 22 வருஷம் வேதம் வாசித்த எனக்கு அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொல்லத் தோன்றவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் பாவக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சிறு வயதில் தங்கையின் பென்சிலைத் திருடியது வரை.

பதினொரு மாதத்தில் ஏழு சுகமளிக்கும் கூட்டங்களுக்குப் போனேன். யாரும் என்னைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை, நானாகத்தான் போனேன். ஏழாவது ஒரு முழு இரவு ஜெபம். போன உடனே சக்கர நாற்காலியை விட்டு இறங்கச் சொன்னார்கள், விசுவாசத்தின் அடையாளமாக. நாற்காலியை மடித்து வெளியே வராந்தாவில் வைத்துவிட்டார்கள். என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இரவு பத்து மணியிலிருந்து விடிகாலை நாலு மணி வரை ஆறு மணி நேரம். அந்த வாரம் முழுவதும் நரம்பு மாத்திரையையும் நிறுத்தியிருந்தேன், மாத்திரை அவிசுவாசம் என்று சொன்னதால். நாலு மணிக்கு மேடைக்குக் கொண்டுபோய், இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்து நிறுத்தினார்கள். காலில் வெட்டு வெட்டாக நடுக்கம். மாத்திரையை நிறுத்தினால் வருகிற தசை இறுக்கம் அது. கூட்டம் அதைப் பார்த்து ஆர்ப்பரித்தது. ஒலிவாங்கியை வாயருகே நீட்டி, கர்த்தர் என்ன செய்தார் என்று கேட்டார்கள். நான், காலில் பெலன் வருகிறது என்றேன். பொய். எனக்குத் தெரிந்தே சொன்ன பொய். அத்தனை பேர் முகத்திலும் இருந்த ஆசையைக் கெடுக்க மனம் வரவில்லை. அதை இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

உணர்ச்சி இல்லாத உடம்புக்கு வலி என்ற எச்சரிக்கை மணி கிடையாது. ஆறு மணி நேரம் கடினமான பிளாஸ்டிக்கில் அசையாமல் உட்கார்ந்ததில், உட்காரும் எலும்புக்கு மேலே சதை உள்ளுக்குள்ளேயே செத்துப்போயிருந்தது. மூன்றாம் நாள் என் கணவர்தான் பார்த்தார். முதலில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கருஞ்சிவப்புத் தடம். பத்தாம் நாள் அது குழியாகிவிட்டது. பதினான்கு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். விடுப்பெல்லாம் தீர்ந்து மூன்று மாதம் சம்பளம் இல்லை. கட்டு மாற்ற வந்த செவிலியர் செலவு தனி. அந்தக் கூட்டத்து ஆட்களுக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். சாட்சி சொன்ன பிறகு சந்தேகப்பட்டிருப்பாய், அதனால்தான் என்று பதில் வந்தது. அன்றைக்கு வந்த கோபம்தான் என்னைக் காப்பாற்றியது என்று இப்போது தோன்றுகிறது.

தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களும் வீட்டாரும் இதை மட்டும் மனதில் வையுங்கள். எந்த ஆராதனையாக இருந்தாலும் உங்கள் சக்கர நாற்காலியின் மெத்தையை விட்டு இறங்காதீர்கள். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை முன்னால் சாய்ந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ எடையை மாற்றுங்கள். நான் இப்போது ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் சாய்கிறேன். பக்தியில் சாய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள், நினைக்கட்டும். தினமும் இரவு கைக்கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள். அழுத்திப் பார்த்தும் மறையாத சிவப்பு இருந்தால், அது மறைகிற வரை அந்த இடத்தில் எடை போடக்கூடாது. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். வீட்டுக்கு வந்து ஜெபிக்கட்டுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள். நான் சொல்வது இதுதான்: ஜெபியுங்கள், ஆனால் என்ன ஜெபிக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். பெரும்பாலும் நல்ல தூக்கத்துக்கு ஜெபிக்கச் சொல்வேன். சிலர் ஏமாந்துபோகிறார்கள்.

படுக்கையிலிருந்து எழுந்து மறுபடி பயிற்சிக்குப் போனபோதுதான் அந்த யூத நண்பரைப் பார்த்தேன். சிறு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து, இரண்டு கைத்தடியில் அறுபது வருஷம் நடந்தவர். தோள் தேய்ந்துபோய் அப்போதுதான் சக்கர நாற்காலிக்கு மாறியிருந்தார். என் காயத்தின் கதையைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு லேவியராகமம் 19:14 தெரியுமா என்றார். தெரியாமலா? செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாமலும் இருக்கச் சொல்கிற வசனம். அதை நான் எப்போதும் கல், குழி என்றே புரிந்துவைத்திருந்தேன். யூதப் போதகர்கள் அதை இன்னும் விரித்திருக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். 11ஆம் நூற்றாண்டு உரைகாரர் ராஷி, ஒரு விஷயத்தில் குருடாக இருப்பவனுக்குப் பொருந்தாத ஆலோசனை சொல்வதே அந்தத் தடுக்கல் என்று உரை எழுதியிருக்கிறார். மாத்திரையை நிறுத்து என்று உனக்குச் சொன்னார்களே, அதுதான் தடுக்கல், உன் விசுவாசக் குறைவு கல் இல்லை என்றார். அத்தனை நாள் நெஞ்சில் கிடந்தது அப்போதுதான் இறங்கியது. பாவக் கணக்கையும் அன்றோடு நிறுத்தினேன்.

யூதர்களின் பழைய சட்ட விவாத நூலான தல்மூத்திலிருந்து இன்னொரு கதையும் சொன்னார். ரபீ (யூதப் போதகர்) ஹீயா பார் அபா நோயாய்க் கிடக்கிறார். நோயாளிகளைக் கைபிடித்து எழுப்புவதில் பேர்போன ரபீ யோகனான் பார்க்க வருகிறார். இந்தப் பாடுகள் உனக்குப் பிரியமா என்று கேட்கிறார். பாடுகளும் வேண்டாம், அதற்குக் கிடைக்கிற பலனும் வேண்டாம் என்கிறார் படுத்திருப்பவர். அப்படியானால் கையைக் கொடு என்று எழுப்புகிறார். பிறகு யோகனானே நோயில் விழ, வேறொருவர் வந்து அதே கேள்வியைக் கேட்டு, அதே போல எழுப்ப வேண்டியிருக்கிறது. ஏன், அவரே எழுந்துகொள்ளக்கூடாதா? கைதி தன்னைத் தானே சிறையிலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாது என்கிறது தல்மூத். சுகமாக்குகிற கதைதான் இதுவும். ஆனால் முதலில் கேள்வி, பிறகு நோயாளி வாயிலிருந்து பதில், அதற்கப்புறம்தான் கை. பாடு ஒரு வரம் என்று என் தலையில் கட்டாத ஒரு பக்திக் கதையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர்கள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய தம்பி பிறவியிலேயே காது கேளாதவர், சைகை மொழி பேசியவர். பழைய யூதச் சட்டம் கேட்கவும் பேசவும் முடியாதவர்களை, சிறு பிள்ளைகளோடும் புத்தி சுவாதீனம் இல்லாதவர்களோடும் ஒரே வரிசையில் வைத்துவிட்டது. கடமையும் கிடையாது, அதனால் பொறுப்பும் கிடையாது. பொது ஜெபத்துக்குப் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேரும் தம்பியும் இருந்தபோது, பத்தாவது ஆளுக்காகத் தெருவில் காத்திருந்தார்களாம். தம்பி உள்ளே உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவை மையமாகக் கொண்ட கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவின் சட்டக் குழு, சைகை மொழி பேசுகிறவர்களை முழுப் பொறுப்புள்ளவர்களாக எண்ண வேண்டும் என்று 2011-இல்தான் தீர்ப்பு எழுதியது. அதற்குள் தம்பி இறந்துவிட்டார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை. பத்து என்று விரலால் எண்ணிக் காட்டினார், அவ்வளவுதான்.

சரி, சாய்தளம். தூக்க வேண்டாம் என்று நான் ஒருவழியாகச் சொன்னதும், சபைக் கமிட்டி ஒரு சாய்தளம் கட்ட ஒப்புக்கொண்டது. பணம் இல்லை என்றார்கள். நான் ஒரு மாதச் சம்பளத்தைக் காணிக்கையாகக் கொடுத்தேன். இதுதான் நான் செய்த இரண்டாவது பெரிய தவறு. படி கட்டும்போது நடக்கிறவர்களிடம் தனியாகக் காணிக்கை வாங்கினார்களா? என் பணத்தில் கட்டியதால் அது எனக்காகக் கட்டியதாக ஆகிவிட்டது, ஆலயத்தின் வழி என்று யாரும் நினைக்கவில்லை. கணக்கு இப்படி. ஒரு படி 15 சென்டிமீட்டர், மூன்று படிக்கு 45. சாய்தளத்துக்கு உலகத்தில் பரவலாகச் சொல்லப்படுகிற அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது 45 சென்டிமீட்டர் ஏற 5.4 மீட்டர் நீளம் வேண்டும். எங்களுக்குக் கட்டியது 2 மீட்டர். முன்வாசல் அழகு கெடும் என்று பக்கவாட்டில், சாமான் அறை வழியாக. மேலே போய்ச் சேர்ந்தால் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது, நாற்காலி நிற்க இடமில்லை. ரிப்பன் வெட்டினார்கள், ஜெபித்தார்கள், என்னை ஏறிக் காட்டச் சொன்னார்கள். பாதியில் நாற்காலி பின்னால் மல்லாந்தது. என் கணவர் பிடிக்காவிட்டால் பின்மண்டை சிமென்ட்டில்தான். அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கதவு பூட்டியே இருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு ஞாயிறும் முதல் பாட்டு முடிந்துவிடும்.

ஆகையால் கட்டுவதற்கு முன் படத்தைக் கேளுங்கள், அளவோடு. மேலே 150 சென்டிமீட்டர் சதுரமாவது சமதளம் இருந்தால்தான் நாற்காலி நின்று திரும்பும். கதவு திறந்த பிறகு கிடைக்கிற இடைவெளி 80 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. பூட்டு இருந்தால் சாவி உங்களிடம் ஒன்று. சுண்ணாம்புக்கட்டியால் தரையில் கோடு போட்டு, ஒரு நாற்காலியை உருட்டிப் பார்க்க அரை மணி நேரம் போதும். இதையெல்லாம் கமிட்டியில் இருக்கிற பொறியாளர் அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று நான் விட்டுவிட்டேன். அவர் நல்ல பொறியாளர்தான், நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

உள்ளே போனாலும் பீடத்துக்கு இன்னும் இரண்டு படி. மறுபடி வேதபாடம் வாசிக்கிறேன் என்று கேட்டேன். கீழேயே இருங்கள், கையில் ஒலிவாங்கி தருகிறோம் என்றார்கள். ஒரு தடவை அப்படியே வாசித்தேன். தூணுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்ததாம். அடுத்த மாதம் அட்டவணையில் என் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டபோது கமிட்டியில் மூத்த ஒருவர் லேவியராகமம் 21ஐ நினைவுபடுத்தினார். ஆரோனின் ஆசாரிய சந்ததியில் அங்கவீனமுள்ளவன் பலிபீடத்தண்டை வரக்கூடாது என்கிற பகுதி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது இதுதான். வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை முழுவதும் படித்தேன். 22ஆம் வசனம் அந்த ஆசாரியன் மகா பரிசுத்தமான அப்பத்தையும் சாப்பிடலாம் என்கிறது, அவனைக் குடும்பத்திலிருந்து நீக்கவில்லை. யூத நண்பரிடம் கேட்டதற்கு, தல்மூத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னாவில் ஒரு விதியைக் காட்டினார். கையில் குறையுள்ள ஆசாரியன் ஆசீர்வாதம் கூற எழக்கூடாது, ஏனென்றால் ஜனங்கள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் தல்மூத் அதற்கு விலக்கு வைக்கிறது: ஊருக்குப் பழகிய ஆளாக இருந்தால் எழலாம். அதாவது பிரச்சினை கையில் இல்லை, பார்க்கிறவர்கள் கண்ணில். பழகினால் தீர்ந்துவிடும். 22 வருஷத்தில் நான் பழகாத முகமா?

ஒரு வக்கீலிடமும் போனேன். ஆலோசனைக் கட்டணம்தான் மிச்சம். மாற்றுத்திறனாளிகள் சட்டம் எல்லா இடத்துக்கும் செல்லும் என்று நம்பிப் போகாதீர்கள், உங்கள் நாட்டுச் சட்டம் வழிபாட்டிடங்களை உள்ளே வைத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அமெரிக்காவின் 1990ஆம் வருஷச் சட்டம் கடைக்கும் திரையரங்குக்கும் செல்லும், ஆனால் மத அமைப்புகளின் பொது இடங்களுக்கு அதிலேயே விலக்கு எழுதியிருக்கிறது. 2012-இல் ஓசன்னா-டேபர் வழக்கில், நார்கோலெப்சி (அடக்க முடியாமல் தூக்கம் வருகிற நோய்) வந்து விடுப்பில் போன சபைப் பள்ளி ஆசிரியை ஒருவருடைய வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட முடியாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அவர் ஊழியக்காரர் வகையில் வருகிறார், ஊழியக்காரரைத் தேர்ந்தெடுப்பது சபையின் உரிமை என்று காரணம். நியாயத்தை ஊருக்கெல்லாம் பிரசங்கிக்கிற வீட்டுக்கே விலக்கு. வக்கீல் வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசியில் போங்கள்.

வேலை செய்தது காகிதம். ஒன்றரை வருஷம் நான் வாசலில், தொலைபேசியில், தேநீர் நேரத்தில் கேட்டதெல்லாம் காற்றோடு போயிற்று. பிறகு ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினேன். நான்கு கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் அளவு, யார் முடிவெடுக்க வேண்டும், எந்தக் கூட்டத்தில். உலகத் திருச்சபைகள் மன்றம் 2003-இல் மாற்றுத்திறனாளிகள் பற்றி வெளியிட்ட அறிக்கையைப் பின்னால் இணைத்தேன். தனியாகக் கையெழுத்துப் போடவில்லை. காது மந்தமான இரண்டு பெரியவர்கள், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவருகிற ஒரு தாய், மூட்டுவலிக்காரர்கள் மூன்று பேர், ஆட்டிச மகனை வைத்துக்கொண்டு பின்வரிசையிலேயே உட்காருகிற ஒரு அப்பா என்று ஏழு பேர் சேர்ந்தார்கள். எனக்கு ஒருத்திக்குத்தான் கஷ்டம் என்று அதுவரை நினைத்திருந்தேன், அவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். கடிதத்தைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டு, நகலும் வாங்கிக்கொண்டேன். பதிவானால் பதில் எழுத வேண்டும். இது சின்ன விஷயம், ஆனால் எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று.

பீடத்துக்கு லிஃப்ட் கேட்கத்தான் முதலில் நினைத்தேன். நண்பர் தன் ஜெப ஆலயத்துக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். அங்கே தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) சுருளை வாசிக்கிற மேடை நடுவில், மூன்று படி உயரத்தில். வாசிக்க அழைப்பதற்கே அவர்கள் மொழியில் ஏறுதல் என்றுதான் பெயர். இவர் ஏற முடியாமல் போனதும், முதலில் இவருக்காக மட்டும் சுருளைக் கீழே கொண்டுவந்தார்களாம். ஒவ்வொரு தடவையும் சபையே நின்று பார்த்ததில் இவருக்குக் கூசியது. பிறகு ரபீயிடம் சொல்லி, கீழே ஒரு மேசை போட்டு, எல்லாரும் எப்போதும் அங்கேதான் வாசிப்பது என்று மாற்றிவிட்டார்கள். நான் போன அன்று ஏழு பேர் வாசித்தார்கள், இவர் நாலாவது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் என் கடிதத்தில் லிஃப்ட்டை அடித்துவிட்டு, வாசிப்பு மேசையை எல்லாருக்கும் கீழே இறக்குங்கள் என்று எழுதினேன். செலவே இல்லாத கோரிக்கை. அதற்குத்தான் எதிர்ப்பும் அதிகம். எட்டு மாதம் இழுத்தது. ஆயர் அம்மாதான் ஒரு கூட்டத்தில், ஐயா ஒரு மாதம் கீழே நின்று வாசித்துப் பார்க்கட்டுமே என்று சொல்லி முடித்துவைத்தார்.

நற்கருணையும் அப்படித்தான். எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகு தட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் நடந்து வருவார்கள், மொத்த சபையும் காத்திருக்கும். இப்போது இரண்டாவது வரிசை ஓரத்தில் ஒரு பெஞ்சைப் பாதியாக வெட்டி இடம் விட்டிருக்கிறார்கள். வரிசை நகரும்போது நானும் நகர்கிறேன். இடம் கேட்கும்போது கடைசி வரிசைக்குப் பின்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே விட்டால் உங்களோடு ஒருவரும் உட்கார முடியாது, எழுந்து நின்று பாடும்போது முதுகுகளைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று வருஷம் கழித்து நான் மறுபடி வாசித்த பாடம் 2 சாமுவேல் 9. அட்டவணையில் தற்செயலாக விழுந்தது. யோனத்தானின் மகன் மேவிபோசேத் தாவீது ராஜாவின் பந்தியில் தினமும் சாப்பிடுகிறான், கடைசி வசனத்திலும் அவனுக்கு இரண்டு காலும் முடமாகத்தான் இருக்கிறது. முடம், சப்பாணி, ஊமையன் என்ற வார்த்தைகளை வாசிக்கும்போது முன்னெல்லாம் எனக்கு எதுவும் உறைக்காது. இந்தத் தடவை அந்த வார்த்தைக்கு முன்னால் நாக்கு ஒரு கணம் நின்றது. இருந்தபடியே வாசித்துவிட்டு நாற்காலியைத் திருப்பினேன். கைதட்டல் இல்லை. அடுத்த ஆள் சங்கீதத்தை ஆரம்பித்துவிட்டார்.

கடிதத்தில் நான்காவது கோரிக்கை கழிப்பறை. கதவு 58 சென்டிமீட்டர், நாற்காலி 64. இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் இன்றும் நான் தண்ணீர் குடிப்பதில்லை. அது சிறுநீரகத்துக்குக் கெடுதல், நீங்கள் செய்யாதீர்கள். அடுத்த கமிட்டிக் கூட்டம் வருகிற வியாழக்கிழமை. அளவுநாடாவைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.